காப்டிக் துணுக்கு மேசைக்கு வந்தால்

துணுக்கு மேசைக்கு வந்ததும் முதல் வேலை, அதைப் படிக்காமல் இருப்பது. காப்டிக் எழுத்துத் தெரிந்தவருக்கு இது எளிதல்ல. கண் தானாக முதல் வரிக்குப் போகும். தெரிந்த பெயர் ஒன்று தட்டுப்பட்டால் மனம் அங்கேயே குடியேறிவிடும். அப்புறம் பார்க்கும் ஒவ்வொன்றும் அந்தப் பெயருக்குச் சாட்சி சொல்வதாகவே தெரியும். ஆகவே துணுக்கைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, அதனுடன் வந்த காகிதங்களைக் கேளுங்கள்.

பாப்பிரஸ் ஏடுகளைப் படிப்பதை, அதிலும் எகிப்தின் காப்டிக் ஏடுகளைப் படிப்பதைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பண்டைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம் காப்டிக். கிரேக்கத்தின் 24 எழுத்துகளோடு, அந்த எழுத்துகளில் அடங்காத எகிப்திய ஒலிகளுக்காக டெமோட்டிக் என்ற பழைய எழுத்துமுறையிலிருந்து சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். சஹிதிக் வட்டார வழக்கில் அவை ஆறு. கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து இதில் நூல்கள் பெருகின: விவிலியம், துறவிகளின் கடிதங்கள், கடன் சீட்டுகள், மந்திரங்கள், திருச்சபை விலக்கிய நற்செய்திகள். இன்று நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் கிடப்பவற்றில் பெரும்பகுதி முழு நூல்கள் அல்ல, துணுக்குகள். எனவே இந்தத் தொழிலில் நுழைகிறவர் பெரும்பாலும் துணுக்கோடுதான் வாழ்வார்.

காகிதம் முதலில்

யார் விற்றார், யார் வாங்கினார், எகிப்தைவிட்டு எந்த ஆண்டில் வெளியே போனது, அதைக் காட்டும் ஆவணம் அசலா ஒளிநகலா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. எகிப்து தன் 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தையே நிறுத்தியது. இந்த இரண்டு ஆண்டுகளும் உங்கள் நாவில் தயாராக இருக்க வேண்டும். துணுக்கின் பயணக் கதை இவற்றுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்தே, அதைத் தொடலாமா வேண்டாமா என்று உங்கள் நிறுவனம் முடிவு செய்யும்.

கேள்வி கேட்கும் துணிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று. கலாத்தியர் நிருபத்தின் காப்டிக் துணுக்கு ஒன்று 2012-இல் ஈபே இணையதளத்தில் விற்பனைக்கு வந்திருந்தது. 2014-இல் வத்திக்கானில் நடந்த ஒரு கண்காட்சியில் அது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. இரண்டும் ஒன்றே என்று கண்டுகொண்டவர் பாப்பிரஸ் ஆய்வாளர் ரொபெர்ட்டா மாத்சா. வாங்கிய விவரம் என்ன, ஏற்றுமதிச் சான்று எங்கே என்று அவர் பொதுவெளியில் விடாமல் கேட்டார். அதைக் காட்சிக்கு வைத்தது, பின்னாளில் வாஷிங்டனில் விவிலிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட தொகுப்பு. வந்த வழி தெளிவில்லாத ஏறத்தாழ 5,000 எகிப்தியப் பொருள்களை அந்த அருங்காட்சியகம் 2021-இல் எகிப்துக்குத் திருப்பி அனுப்பியது. இதற்கு மாத்சாவிடம் இருந்தவை கூர்மையான கண்ணும் நல்ல நினைவாற்றலும்தான். மின்னஞ்சல் அனுப்பத் தயங்காத குணமும் உண்டு.

மேலதிகாரி அவசரப்படுத்துவார். காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல் என்பார். பணிவாக மறுத்துவிடுங்கள். துணுக்கை வெளியிட்டாலே அதன் சந்தை விலை ஏறும். உங்கள் பெயர் தாங்கிய கட்டுரை அடுத்த கடத்தல்காரனுக்கு விளம்பரமாகிவிடக் கூடாது.

தொடுவதும் அளப்பதும்

பருத்திக் கையுறை வேண்டாம். நார் முனைகள் அதில் மாட்டி முறியும். கழுவி உலர்த்திய கைகள் போதும். ஒட்டுநாடா எந்தச் சூழலிலும் கூடாது. சுருண்ட மூலையை நீங்களாக நிமிர்த்தப் போகாதீர்கள். ஈரப்பதம் கொடுத்து இளக்குவது பாதுகாப்பு வல்லுநரின் வேலை. நல்ல நோக்கத்தோடு செய்த தவறும் ஏட்டைக் கொல்லும். யூதாசின் நற்செய்தி அடங்கிய சாகோஸ் ஏட்டுநூல் 1970-களில் எகிப்தில் கிடைத்தது. பிறகு நியூயார்க் மாநிலத்து வங்கிப் பெட்டகம் ஒன்றில் 16 ஆண்டுகள் கிடந்து நொறுங்கியது. ஒரு கட்டத்தில் அதை வாங்க முன்வந்தவர் பாதுகாப்பதாக நினைத்து உறைகுளிரில் வைத்தார். சேதம் இன்னும் கூடியது. சுவிட்சர்லாந்தில் ஃப்ளோரன்ஸ் டார்ப்ரும் ரொடோல்ஃப் காஸரும் அந்தத் துகள்களை அடுக்கிச் சேர்க்க ஆண்டுகள் பிடித்தன.

அடுத்து விவரிப்பு. உயரம், அகலம், வரிகளின் எண்ணிக்கை, எந்தப் பக்கத்தில் ஓரம் மிஞ்சியிருக்கிறது, எந்தப் பக்கம் கிழிந்தது, எந்தப் பக்கம் வெட்டப்பட்டது எல்லாவற்றையும் குறியுங்கள். பாப்பிரஸ் தாள், நாணல் தண்டின் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கில் வைத்து அழுத்திச் செய்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று எழுதுங்கள். இது வெறும் சடங்கில்லை. இரண்டு துணுக்குகள் ஒரே தாளிலிருந்து வந்தவையா என்பதை, எழுத்து பொருந்துவதற்கு முன்பே நார்களின் ஓட்டம் சொல்லிவிடும். 1945-இல் கிடைத்த நாக் ஹம்மாதி ஏடுகளின் சிதறல்களை 1970-களில் கெய்ரோ காப்டிக் அருங்காட்சியகத்தில் இடம் சேர்த்தவர்களுக்கு நார்தான் முக்கியத் துணை.

பிறகு உருப்பெருக்கியில் மையைப் பாருங்கள். மேல் அடுக்கு உதிர்ந்த பள்ளத்துக்குள் மை இறங்கியிருந்தால், கிழிந்த விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தால், தாள் பழுதான பிறகே யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அகச்சிவப்புப் படம் எடுத்துவையுங்கள். கரி மை அதில் கறுப்பாகவே நிற்கும். இரும்பு கலந்த மை மங்கி மறையும்.

எழுத்துப் பெயர்ப்பு

இப்போது படிக்கலாம். ஆனாலும் மொழிபெயர்க்க வேண்டாம். காப்டிக் ஏட்டில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. சொற்களைப் பிரிப்பது நீங்கள். அதாவது முதல் விளக்கவுரை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாப்பிரஸ் ஆய்வாளர்கள் 1931-இல் லெய்டனில் ஒப்புக்கொண்ட குறியீடுகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அழிந்துபோனதற்குச் சதுர அடைப்பு. உறுதியில்லாத எழுத்துக்குக் கீழே புள்ளி. எழுதியவனே அடித்தது என்றால் இரட்டைச் சதுர அடைப்பு. பதிப்பாளர் திருத்தினால் கோண அடைப்பு.

இவற்றில் புள்ளிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பாதி எழுத்து மட்டும் மிஞ்சிய இடத்தில், சூழலைப் பார்த்தால் இன்ன எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். சூழலை மறைத்துவிட்டு அந்த மைக்கீற்றை மட்டும் பாருங்கள். வேறெந்த எழுத்தாக இருக்கக்கூடும் என்று பட்டியலிடுங்கள். பட்டியலில் இரண்டு எழுத்து வந்தால் புள்ளி வையுங்கள். ஒரு வரிக்கு எத்தனை எழுத்து சராசரியாக வருகிறது என்று கணக்கிட்டுத்தான் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். ஓரங்கள் இரண்டும் இல்லாத துணுக்கில் வரியின் நீளமே தெரியாது. அங்கே நிரப்பப் போகாமல் விடுவது அறிவு.

ரோம், 2012

கருவிகளும் ஆட்களும் இருந்தும் வேலை எப்படிச் சறுக்கும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. இந்தத் துறைக்கு வரும் எவரும் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்தே ஆக வேண்டும்.

2012 செப்டம்பர் 18 அன்று ரோமில் நடந்த காப்டிக் ஆய்வு மாநாட்டில், ஹார்வர்டு இறையியல் பள்ளிப் பேராசிரியர் கேரன் கிங் ஒரு துணுக்கை அறிவித்தார். வங்கி அட்டையைவிடச் சிறியது. ஏறத்தாழ 4 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம். முன்பக்கம் எட்டு வரிகள், எல்லாம் இருபுறமும் அறுந்தவை. நான்காவது வரியில் “இயேசு அவர்களிடம் சொன்னார், என் மனைவி” என்ற அளவில் வாக்கியம் நின்றுவிடுகிறது. இயேசு மணமானவர் என்று இது நிறுவுவதாகக் கிங் சொல்லவில்லை. ஆதிக் கிறிஸ்தவர்களில் சிலர் அப்படி எண்ணினார்கள் என்றே சொன்னார். ஆனால் துணுக்குக்கு “இயேசுவின் மனைவியின் நற்செய்தி” என்று பெயரிட்டார். பெயர் உலகைச் சுற்றி வந்தது. அந்தக் கவனமான விளக்கம் பின்தங்கிவிட்டது.

கிங் அலட்சியமாக நடந்தார் என்று எண்ண வேண்டாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ரோஜர் பாக்னல், பிரின்ஸ்டனின் ஆன்மரி லுயிண்டைக் ஆகிய இருவரிடமும் காட்டினார். இருவரும் அசல் என்றே கருதினார்கள். இலக்கணத்துக்காக ஏரியல் ஷிஷா-ஹலேவியிடம் கருத்துக் கேட்டார். ஆனால் அவருடைய கட்டுரைக்கு ஆய்விதழ் அமர்த்திய மூன்று மதிப்பாய்வாளர்களில் இருவர் ஐயம் எழுப்பியிருந்தார்கள். துணுக்கின் உரிமையாளர் பெயர் சொல்ல விரும்பாதவர். அவர் கொடுத்த பழைய கடிதமும் விற்பனை ஒப்பந்தமும் ஒளிநகல்கள். இந்த இரண்டு இடங்களிலும் வேலை நின்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே டர்ஹம் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் வாட்சன் ஒரு குறிப்பு எழுதினார். துணுக்கின் சொற்றொடர்கள் ஏறக்குறைய எல்லாம் காப்டிக்கில் கிடைத்த தோமாவின் நற்செய்தியிலிருந்து வெட்டி ஒட்டியவை என்று வரிக்கு வரி காட்டினார். ஆய்வாளர் ஆண்ட்ரூ பெர்ன்ஹார்ட் இன்னும் ஒரு படி போனார். தோமாவின் நற்செய்திக்கு வரிக்கு வரி ஆங்கிலப் பொருள் கொடுக்கும் கோப்பு ஒன்று இணையத்தில் இருந்தது. அதன் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில், செயப்படுபொருளைச் சுட்டும் ஓர் எழுத்து தட்டச்சில் விட்டுப்போயிருந்தது. துணுக்கின் முதல் வரியிலும் அதே இடத்தில் அதே எழுத்து இல்லை. 21-ஆம் நூற்றாண்டின் தட்டச்சுப் பிழையை 4-ஆம் நூற்றாண்டு எழுத்தர் எப்படிச் செய்வார்?

விவாதம் ஆய்வகத்துக்குப் போனது. 2014 ஏப்ரலில் முடிவுகள் வெளிவந்தன. மை, பழங்கால மைகளை ஒத்த கரி மைதான். கார்பன் சோதனையில் ஒரு கூடம் கி.மு. 404–209 என்றது, அது காப்டிக் எழுத்தே பிறக்காத காலம். மற்றொரு கூடம் கி.பி. 659–869 என்றது. தலைப்புச் செய்திகள் ‘பழமை உறுதி’ என்றன. இங்கே கவனியுங்கள். கார்பன் சோதனை நாணல் எப்போது அறுக்கப்பட்டது என்று சொல்லும். எழுதியது எப்போது என்று சொல்லாது. பழைய வெற்றுத் தாள் சந்தையில் கிடைக்கும். கரியைக் குழைத்தால் மை யார் வீட்டிலும் வரும். ஆய்வக அறிக்கையை வாங்கும்போதெல்லாம், இந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் என்று முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதி வையுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதையும் கீழே எழுதுங்கள்.

முடிச்சை அவிழ்த்தது வேறொரு துணுக்கு. அதே உரிமையாளரின் தொகுப்பிலிருந்து யோவான் நற்செய்தித் துண்டு ஒன்றும் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. சோதனை அறிக்கைகளுடன் அதன் படமும் வெளியானது. காப்டிக் ஆய்வாளர் கிறிஸ்டியன் ஆஸ்கலண்ட் அதைப் பார்த்தார். இரண்டும் ஒரே கை எழுதியதாகத் தெரிந்தது. யோவான் துண்டின் வட்டார வழக்கு லைக்கோபோலிட்டன். கார்பன் சோதனை அந்தத் தாளுக்குச் சொன்ன காலத்துக்கு முன்பே வழக்கொழிந்த ஒன்று. இன்னும் மேல், அதே வழக்கில் எகிப்தின் காவ் என்ற இடத்தில் கிடைத்த யோவான் ஏட்டுநூலை ஹெர்பர்ட் தாம்சன் 1924-இல் பதிப்பித்திருந்தார். அந்தப் பதிப்பு இணையத்திலும் இருந்தது. துண்டு அந்தப் பதிப்பின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்பற்றியது. வரிகள் முறிகிற இடம்கூட அப்படியே. யோவான் துண்டு போலி என்றால், அதே கையால் எழுதிய மற்றதற்கும் அதுவே தீர்ப்பு.

2016-இல் பத்திரிகையாளர் ஏரியல் சேபர், அட்லாண்டிக் இதழுக்காக உரிமையாளரைத் தேடிப் புறப்பட்டார். பெர்லினில் எகிப்தியல் படித்துப் பாதியில் விட்ட ஒருவர் ஃபுளோரிடாவில் இருப்பதைக் கண்டார். அவர் கொடுத்த ஆவணங்களின் கதையும் உடைந்தது. அதைப் படித்த பிறகு, சான்றுகள் போலியின் பக்கமே சாய்கின்றன என்று கிங் ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டுகள் மொழியறிஞர்களும் வேதியியலாளர்களும் சுற்றிய கேள்விக்கு, முதல் நாளில் கேட்க வேண்டிய ‘இது யாருடையது’ என்ற கேள்வி பதில் தந்தது.

இந்த வழக்கில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று உண்டு. ஹார்வர்டு நல்ல தெளிவுள்ள படங்களைத் தொடக்கத்திலேயே பொதுவில் வைத்தது. வாட்சனும் பெர்ன்ஹார்ட்டும் பார்த்தது அவற்றைத்தான். ஆஸ்கலண்ட் பார்த்ததும் பின்னர் பொதுவில் வந்த படத்தைத்தான். யூதாசின் நற்செய்தியோடு ஒப்பிடுங்கள். அதை மொழிபெயர்த்த குழுவினர் வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். 2006-இல் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. யூதாசைக் குறிக்கும் ‘டைமோன்’ என்ற சொல் உட்படப் பல இடங்களைத் தவறாகப் பெயர்த்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர் ஏப்ரல் டிகோனிக் 2007-இல் வாதிட்டார். முன்பே சகாக்களிடம் காட்டியிருந்தால் அந்தச் சண்டை அறைக்குள் முடிந்திருக்கும். இரகசிய ஒப்பந்தம் உங்கள் முன் வந்தால், படங்களை எந்தத் தேதிக்குள் வெளியிடுவோம் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அந்தத் திட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

காலம் கேட்கும்போது

‘எந்த நூற்றாண்டு?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக் காப்டிக் நூலேடுகளுக்குக் காலம் சொல்வது மிகவும் நலிந்த முறை. தேதி போட்ட ஆரம்ப கால நூலேடுகள் ஒப்பிடுவதற்குப் போதிய அளவில் இல்லை. திடமான பிடி கிடைப்பது வெளியிலிருந்துதான். நாக் ஹம்மாதியின் ஏழாவது ஏட்டுநூலின் தோல் அட்டைக்குள் திணித்திருந்த கழிவுத் தாள்களில் தேதியிட்ட ஆவணங்கள் இருந்தன: கி.பி. 341, 346, 348. ஆகவே அட்டை 348-க்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது. இப்படி ஒரு பிடி இல்லாதபோது ‘4 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை’ என்று அகலமாகச் சொல்லத் தயங்காதீர்கள். நிருபர் ஒற்றை ஆண்டு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நுழையும் வழி

நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் உலகெங்கும் குறைவு. தொடக்க ஆண்டுகளில் கிடைப்பவை பெரும்பாலும் திட்டப் பணிகள்: அட்டவணை தயாரிப்பு, மின்னுருவாக்கம், சொல் தரவுத்தளம். இதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். நூலக அறிவியலோ கணினி மொழியியலோ ஒரு கை பழகியவருக்கு வாய்ப்பு அதிகம். காப்டிக் ஸ்க்ரிப்டோரியம் போன்ற திட்டங்களுக்கு இலக்கணமும் நிரலும் சேர்ந்து தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

சஹிதிக்கில் தொடங்குங்கள். தாமஸ் லாம்ப்டினின் பாடநூல் (1983), பெண்ட்லி லேட்டனின் இருபது பாட நூல் இரண்டும் தனியே படிக்கத் தோதானவை. அகராதிக்கு வால்டர் கிரம் 1939-இல் முடித்த பெருநூல் இன்றும் அசையவில்லை. இணையக் காப்டிக் அகராதி இலவசம். கூடவே கிரேக்கம் கட்டாயம். காப்டிக் பக்கம் ஒவ்வொன்றிலும் கிரேக்கச் சொற்கள் மண்டிக்கிடக்கும். ஒரே பெட்டியில் இரு மொழி ஏடுகளும் கலந்தே இருக்கும். தமிழ் வாசகருக்கு இதில் தனி ஈர்ப்பும் உண்டு. முசிறித் துறைமுகத்துக்குப் போய்வந்த ஹெர்மபோலோன் கப்பலின் சரக்குக் கணக்கும், அந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தமும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில்தான் உள்ளன. அது வியன்னாவில், ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கும் அளவுக்கு வேண்டும். பழைய பதிப்புகளில் பாதி அவற்றில்தான். கெய்ரோவில் வேலை செய்ய அரபி. அங்கே காப்டிக் திருச்சபை தன் வழிபாட்டில் போஹைரிக் வழக்கை இன்றும் ஓதிவருகிறது. இந்த ஏடுகள் அவர்களுடைய மூதாதையர் எழுதியவை. எகிப்திய சகாக்களைப் படம் எடுத்துத் தரும் உதவியாளர்களாக மட்டும் நடத்தும் திட்டங்கள் உண்டு, அவற்றில் சேராதீர்கள்.

முதுகலைக்கு ஜெர்மனியின் கோட்டிங்கன், மூன்ஸ்டர், ஆஸ்திரேலியாவின் மக்வாரி, வாஷிங்டனின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பாருங்கள். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டுமே. விண்ணப்பத்துக்கு முன்பே பேராசிரியருக்கு எழுதுங்கள். நான்கு பத்தி ஆர்வக் கடிதம் வேண்டாம். ஒரு வேலை மாதிரி அனுப்புங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற தொகுப்புகள் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஏற்கெனவே பதிப்பான ஒரு துணுக்கைத் தேர்ந்தெடுத்து, அச்சுப் பதிப்பைப் பார்க்காமல் நீங்களே எழுத்துப் பெயர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பதிப்போடு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்களை இரண்டு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றிலும் யார் சரி என்று நினைக்கிறீர்கள், படத்தில் எந்த மைக்கீற்று அதற்குக் காரணம் என்று காட்டி, அந்த இரண்டு பக்கத்தையும் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.